நாலு முழக் கொடி

ஒரு காட்டில், ஆற்றின் பள்ளக்கரையில், ஆவணி முதல் நாள் ஒரு கூட்டம் கூடியது. வந்திருந்தவர்களை எண்ணிச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஆறு கடக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆமை ஒன்று. கணக்குப் பார்க்கும் அணில் ஒன்று. மயில் ஒன்று. இருபது வீட்டாருக்காகப் பேச வந்த தாய்ப் பன்றி ஒன்று. பிள்ளைகள் பதினேழு: பன்றிக் குட்டிகள் ஐந்து, முயல் குட்டிகள் நான்கு, மான் கன்றுகள் மூன்று, கீரிக் குட்டிகள் மூன்று, முள்ளம்பன்றிக் குட்டிகள் இரண்டு. ஆக இருபத்தொருவர்.

ஐப்பசி பிறந்தால் அந்த ஆறு பள்ளக்கரையை மூழ்கடித்துவிடும். எல்லோரும் எதிர்க்கரை மேட்டுக்குப் போக வேண்டும். பெரியவர்கள் நீந்திவிடுவார்கள். பிள்ளைகளுக்காக இந்தக் கரை மருத மரத்திலிருந்து அந்தக் கரைப் பாறை வரை ஒரு கொடி கட்டுவார்கள். அதைப் பற்றிக்கொண்டு கடக்க ஆமை பழக்கும். ஆமைக்கும் கூலி இல்லை, அணிலுக்கும் கூலி இல்லை.

கொடி ஓராண்டுதான் தாங்கும். மலையுச்சியிலிருந்து புதுக்கொடி கொண்டுவருவது குரங்குகள். ஒரு முழத்துக்கு ஒரு படி மூங்கிலரிசி அவர்கள் விலை. ஆற்றின் அகலம் நாற்பது முழம்.

இதற்காக ஒவ்வொரு வீடும் வாரம் ஒரு பிடி அரிசி கொடுத்துவந்தது. பத்துப் பிடி ஒரு படி. இருபது வீடு, இருபது வாரம், நாற்பது படி. கூட்டம் நடந்த அன்று பன்னிரண்டு வாரம் முடிந்திருந்தது. மரப்பொந்தில் இருபத்து நான்கு படி இருந்தது.

மயில் தோகையை ஒதுக்கிவிட்டு எழுந்தது. "வீடு வீடாகப் போய் ஒரு பிடி, ஒரு பிடி என்று கேட்கிறீர்களே, ஆமையாரே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

"பிள்ளைகள் ஆறு கடக்கிறார்கள் என்று நினைப்பார்கள்" என்றது ஆமை.

"ஒரு விழா எடுப்போம். பந்தல் போடுவோம். பிள்ளைகள் ஆடட்டும். கரடியாரைத் தலைமைக்கு அழைப்போம். ஒரே நாளில் நூறு படி சேரும். அப்புறம் எதற்கு இந்தப் பிடியரிசி?"

தாய்ப் பன்றி தலையாட்டியது. "எனக்கும் வாரா வாரம் அளந்து கை சலித்துவிட்டது. ஐந்து குட்டிகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு அரிசியை வேறு பிடி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது."

அணிலுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. காலைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "இன்னும் எட்டு வாரம்தான். பதினாறு படிதான் குறைகிறது. அதோடு, பிடி கொடுக்கிற அன்றுதான் தாய்மார் கேட்கிறார்கள், என் பிள்ளை இந்த வாரம் என்ன கற்றான் என்று. அந்தக் கேள்வி நின்றுவிடும்."

"கொஞ்சம் உரக்கப் பேசுங்கள், அணிலாரே" என்றது மயில்.

அணில் ஆமையின் பின்னால் நகர்ந்துகொண்டது.

பிள்ளைகளுக்கு ஆட்டம் என்றதும் குதூகலம். கூட்டம் கலைந்தது. அன்றோடு பிடியரிசியும் நின்றது.

ஆறு வாரம் விழா வேலை நடந்தது. பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அனுப்ப நேரம் இல்லை. இடுப்பில் மயிலிறகு கட்டிக்கொண்டு அவர்கள் ஆடிப் பழகினார்கள். கடைசிப் பன்றிக் குட்டிக்கு இறகு நிற்கவே இல்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது.

"இவனைப் பின்வரிசையில் நிறுத்துங்கள்" என்றது மயில்.

"பழைய கொடியில் இவன்தான் முதலில் போவான்" என்றது ஆமை.

"விழாவில் கொடி இல்லையே, ஆமையாரே."

அழைப்பிதழில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. ஆமையின் பெயர் இல்லை. இடம் போதவில்லை என்று மயில் வருத்தம் தெரிவித்தது.

விழா நன்றாகவே நடந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வீட்டாரும் தலைக்கட்டுக்கு ஒரு படி கொடுத்து வந்து உட்கார்ந்தார்கள். கரடியார் தம் தம்பி, மைத்துனர், மைத்துனரின் சிநேகிதர் என்று எட்டுப் பேரோடு வந்தார். எல்லோருக்கும் பொன்னாடை. கரடியார் மேடையில், "என் பங்கு ஐம்பது படி" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் கரடியார் வீட்டிலிருந்து ஐந்து படி வந்தது. மீதி தேன் காலத்தில் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அணில் கணக்கை மயிலிடம் வாசித்தது. "கையிருப்பு இருபத்து நான்கு. வீட்டார் கொடுத்தது இருபது. கரடியார் ஐந்து. வரவு நாற்பத்தொன்பது. பந்தலுக்குப் பன்னிரண்டு, விருந்துக்குப் பதினெட்டு, பொன்னாடைக்கு ஒன்பது, மேளத்துக்கு ஆறு. செலவு நாற்பத்தைந்து."

"மிச்சம் இருக்கிறதல்லவா?"

"நான்கு படி."

"பார்த்தீர்களா, கையைக் கடிக்கவில்லை" என்றது மயில்.

ஐப்பசிக்கு இன்னும் இரண்டு வாரம். ஆமை மறுபடி வீடு வீடாகப் போயிற்று. தாய்ப் பன்றி வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"விழாவுக்கு ஒரு படி கொடுத்தேன். ஒரு படி பத்துப் பிடி. உங்களுக்கு நான் தர இருந்தது எட்டுப் பிடிதான். இரண்டு பிடி நீங்கள்தான் எனக்குத் திருப்பித் தர வேண்டும், ஆமையண்ணா."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மற்ற பத்தொன்பது வீட்டிலும் இதையே சொன்னார்கள். பிள்ளை என்ன கற்றான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆமையும் அணிலும் நான்கு படியைத் தூக்கிக்கொண்டு குரங்குகளிடம் போனார்கள்.

"நாலு படிக்கு நாலு முழம்" என்றது தலைமைக் குரங்கு.

"மீதியைக் கடனாகக் கொடுங்கள். தை மாதம் தீர்த்துவிடுகிறோம்."

"கரடியின் மைத்துனருடைய சிநேகிதருக்குப் பொன்னாடை போட்டீர்களே. எத்தனை வருஷமாகக் கொடி சுமக்கிறோம், எங்களுக்கு ஒரு அழைப்பிதழ் உண்டா? கடனையும் அவரிடமே கேளுங்கள்."

ஆமை நான்கு முழக் கொடியைக் கொண்டுவந்து மருத மரத்தில் கட்டியது. பழைய கொடி இற்றுப்போய்ப் புரட்டாசியிலேயே அறுந்திருந்தது. புதுக்கொடியின் முனை தண்ணீரில் மிதந்தது.

"இதை ஏன் கட்டுகிறீர்கள்?" என்று அணில் கேட்டது.

"பிடித்துப் பழகவாவது ஆகட்டும்" என்றது ஆமை.

ஐப்பசி இரண்டாம் நாள் காலையில் வெள்ளம் வந்தது. முதலில் பந்தல் போயிற்று. சுமையோடு நீந்த வலுவிருந்த பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தினார்கள். திரும்பி வர ஆறு விடவில்லை. அப்படி எட்டுப் பிள்ளைகள் மேடு சேர்ந்தார்கள். ஆமை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஒருவர். ஆறு நடை.

ஏழாவது நடைக்கு ஆமை பாதி ஆறு வந்தபோது பள்ளக்கரை முழுதும் தண்ணீருக்குள் போய்விட்டது. அங்கே மூவர் இருந்தார்கள். முயல் குட்டிகள் இரண்டு, பின்வரிசைப் பன்றிக் குட்டி ஒன்று.

அவர்கள் அழவில்லை. ஆமை கற்றுக்கொடுத்தபடி கொடியைக் கையில் சுற்றிப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். பன்றிக் குட்டிதான் முதலில் வந்தது. ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம், நான்கு முழம். பிடி தவறவே இல்லை. அதற்கு மேல் கொடி இல்லை.

மாலையில் மழை விட்டது. மயில் பறந்து வந்து மேட்டுப் பாறையில் இறங்கியது. தோகை நனையவில்லை. பிறகு சொன்னது:

"மூவர் நினைவாக ஒரு விழா எடுக்கலாம் என்று தோன்றுகிறது. கரடியார் தலைமைக்கு ஒப்புக்கொள்வார்."

தாய்ப் பன்றி எழுந்து வந்தது. வெள்ளத்தில் தப்பிய மூட்டையிலிருந்து நனைந்த அரிசியைக் கைநிறைய அள்ளி அணிலின் முன்னால் வைத்தது.

"இது இந்த வாரத்துப் பிடி" என்றது. பிறகு ஆமையைப் பார்த்து, "அண்ணா, என் கடைசிப் பிள்ளை என்ன கற்றிருந்தான்?" என்று கேட்டது.

"கொடியைச் சரியாகப் பிடிக்கக் கற்றிருந்தான், அம்மா."

அணில் அந்தப் பிடியை ஓர் இலையில் வைத்து மூடியது. பிறகு பாறைமேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எண்ணியது. தவறிவிட்டதோ என்று ஒவ்வொரு தலையையும் தொட்டு மறுபடி எண்ணியது.

பதினான்கு.

நீதி: பிள்ளைகளுக்கென்று சேர்த்ததைப் பெரியவர்களின் பெருமைக்குச் செலவழித்தால், அந்தச் செலவைப் பிள்ளைகளே தீர்ப்பார்கள்.