பதினான்கு கூச்சல்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், குழந்தைகளே, காவல் கல்லூரி ஒன்று இருந்தது. சிறுத்தை வருவதைக் கண்டால் கூச்சலிட்டு மற்றவர்களைக் காப்பாற்றுவதுதான் அங்கே படிப்பு. கடைசி ஆண்டில் மூன்று மாணவர்கள்: ஒரு மந்தி, ஒரு மயில், ஒரு முயல்.

அது கடுங்கோடை. காடு முழுவதற்கும் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் இருந்தது. அதன் கரையில் மூன்றும் ஒன்பது நாள் காவல் பயிற்சி செய்தன. மந்திக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் கண்ணுக்கு எல்லா உயிரும் ஒன்றுதான். ஆபத்து என்றால் மட்டுமே வாய் திறப்பேன்" என்று கிளைக்குக் கிளை சொல்லித் திரிந்தது.

பத்தாம் நாள் காலையில் கல்லூரியின் கணக்கர் மரங்கொத்தி வந்தது. அது அதிகம் பேசாது. ஒவ்வொரு கூச்சலுக்கும் மரப்பட்டையில் ஒரு துளை போட்டு வைத்திருந்தது.

"மொத்தம் பதினேழு கூச்சல். சிறுத்தைக்கு மூன்று. நரிக்குப் பதினான்கு" என்றது.

"நரி பொல்லாதது ஆயிற்றே" என்றது மந்தி.

"இந்த நரி நண்டும் இலந்தைப் பழமும் தின்கிறது. யாரையும் தொட்டதில்லை. பதினான்கு தடவை தண்ணீருக்கு வந்தது. ஒரு தடவைகூட அதை வயிறாரக் குடிக்க விடவில்லை. சிறுத்தை வந்தது நான்கு தடவை."

"மூன்றுதானே கூச்சலிட்டோம்?"

"நான்காவது தடவை நீங்கள் நரியை விரட்டிக்கொண்டிருந்தீர்கள்."

மயிலுக்குக் கோபம் வந்தது. "எண்ணியதில் பிழை இருக்கும். என் பெரியம்மாவின் புதருக்குப் பக்கத்துப் புதரில் ஒரு நரி இருக்கிறது. பார்த்தால் தலையாட்டுவேன். எனக்கா தப்பெண்ணம்?"

மரங்கொத்தி மறுபடி எண்ணியது. பதினான்குதான்.

முயல் தரையில் விழுந்து அழுதது. "நான் இவ்வளவு கெட்டவனா? இனி எனக்குப் புல் இறங்காது." அதைத் தேற்றுவதிலேயே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. தேற்றியதும் அது புல் மேயப் போய்த் திரும்பியது.

மந்தி மரத்தருகே போனது. பட்டையில் இருந்த துளைகளை விரலால் தடவிப் பார்த்தது. பாதிக்குமேல் அதன் குரல்தான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை உடனே தொலைத்துவிட ஒரு வழியும் தோன்றியது.

"கூட்டம் போடுவோம். எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வோம்" என்றது.

குட்டைக்கரையில் கூட்டம் கூடியது. முயல் பேசியது. மயில்கூடத் தோகையை விரித்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொன்னது. மந்தி பாறைமேல் ஏறி, எல்லோரையும்விட அதிக நேரம் பேசியது.

"எனக்குத் தெரியாமலே என் மனதில் ஒரு தப்பெண்ணம் ஒளிந்திருந்தது. இன்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்."

எல்லோரும் ஆரவாரித்தார்கள். அப்போது புதர் அசைந்தது. ஒரு கூர்மூக்கு எட்டிப் பார்த்தது.

முதலில் கத்தியது மந்திதான். கூட்டம் சிதறி ஓடியது. மூக்கு உள்ளே போய்விட்டது.

"பதினைந்து" என்றது மரங்கொத்தி.

புதருக்குள்ளிருந்து நரியின் குரல் வந்தது. "மந்தித் தங்கச்சி, நன்றாகத்தான் பேசினாய். என் இரண்டு குட்டிகளும் நேற்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சின்னவனால் நிற்க முடியவில்லை. நாங்கள் வரலாமா, அதை மட்டும் சொல்லு."

"அம்மா, இன்னும் பேசுவார்களா?" என்று மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

மந்திக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பாறையிலிருந்து இறங்கியது.

"வாங்க அக்கா" என்றது.

புதர் மறுபடி அசைந்தது. மந்தியின் தொண்டை வரை கூச்சல் வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, வருவது யார் என்று உற்றுப் பார்த்தது. எலும்பும் தோலுமாய் ஒரு தாய். அதன் காலோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள்.

மயில் கத்துவதற்குக் கழுத்தை நீட்டியது.

"கொஞ்சம் பொறு, முதலில் பார்" என்று விரல் இடுக்கு வழியே முணுமுணுத்தது மந்தி.

குட்டிகள் குடித்தன, வயிறு உப்பும் வரை குடித்தன. அவை முடித்துவிட்டுப் புதருக்குள் போகும்வரை மந்தி வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

நீதி: மனதில் ஒளிந்திருக்கும் தப்பெண்ணம் ஒப்புக்கொண்டதும் ஓடிவிடாது, அது தலைதூக்கும் ஒவ்வொரு முறையும் தடுக்க வேண்டும்.