காட்டில் கொடுத்த குரல்

பழைய இங்கிலாந்தின் வெசெக்ஸ் ராஜ்யத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. பாதையை விட்டுக் காட்டுக்குள் நடக்கிற அந்நியர் குரல் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். சத்தமில்லாமல் வந்தால் திருடர் என்று தூக்கில் போடலாம்.

வடக்கே நார்தம்பிரியா ராஜ்யத்திலிருந்து தங்கையைத் தேடிவந்த வில்பர்கா அந்தச் சட்டத்தில்தான் அகப்பட்டாள். காவல் அதிகாரி சியோல்மண்ட் பார்த்த மாத்திரத்தில் அவள் வாயைத் துணியால் கட்டி, பிரபுவின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இந்த நார்தம்பிரியாக்காரி சத்தமே காட்டாமல் வந்தாள், பிரபுவே."

பிரபு கட்டை அவிழ்க்கச் சொன்னார். "நீ குரல் கொடுத்தாய் என்று இந்த ஊர்க்காரர் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்யட்டும். விட்டுவிடுகிறேன்."

அவளுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது.

"நான் எந்த ஊர் என்று இவருக்கு யார் சொன்னது, ஐயா?"

சியோல்மண்ட் சிரித்தார். "யார் சொல்லவேண்டும்? உங்கள் கரடுமுரடான பேச்சை மூன்று வயலுக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன்."

"வாயைக் கட்டிய பிறகு நான் பேசவில்லை. அதற்கு முன்னால் காட்டில் கத்தியதைத்தான் கேட்டிருக்கிறார். ஒரு சாட்சி ஆயிற்று. மீதிப் பதினொரு பேர் வேண்டுமா, ஐயா?"

பிரபு சியோல்மண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"வேண்டாம். எங்களைப் போலப் பேசாதவள் கத்தினால் காதில் விழாத ஊர் இது. பதினொரு பேருக்கு நீ எங்கே போவாய்?"