மாப்பிள்ளைக்கு வைத்த சோதனை

"எல்லாச் சோதனையிலும் தேறிட்டாரும்மா. பதில்தான் வரலை" என்றார் ஏகாம்பரம்.

வடிவம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரை மடத்தின் தலைவி. ஏகாம்பரத்தைவிட வயதில் இளையவர். ஊரின் பெரிய பருத்தி வியாபாரியான ஏகாம்பரம், மனதில் எது உறுத்தினாலும் அவரிடம்தான் வருவார்.

"யாருக்குச் சோதனை?"

"மாசிலாமணிக்கு. என் மகளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை."

வடிவம்மை ஒரு கொத்துக் கீரையை அவர் பக்கம் நகர்த்தினார். ஏகாம்பரமும் உருவத் தொடங்கினார்.

"பெண் பார்க்க வர்றப்ப எல்லாரும் நல்லவங்கதான். நிஜமான குணம் சின்னச் சின்ன விஷயத்துலதான் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொல்லியிருப்பேன். அதுக்கு என்ன பண்ணீங்க?"

"உச்சி வெயில்ல வாசல்லயே நிறுத்தி வச்சேன். கதவுச் சாவியைக் காணோம்னு சொல்லச் சொன்னேன்."

"நின்னாரா?"

"சிரிச்ச முகமா நின்னார். அப்புறம், பந்தியில என் மைத்துனருக்குப் பக்கத்துல உட்காரவச்சேன்."

வடிவம்மைக்கு அந்த மைத்துனரைத் தெரியும்.

"அடப் பாவமே. அது கொஞ்சம் அதிகம்தான்."

"முழுசாக் கேட்டார்மா. நடுவுல சந்தேகம்கூடக் கேட்டார்."

"அவர்கிட்டயா? பெரிய மனுஷர்தான். அப்புறம்?"

"கடைசியா ரசம்."

"ரசம் என்ன பண்ணுச்சு?"

"பரிமாறும்போது அவர் வேட்டியில கொட்டச் சொல்லியிருந்தேன்."

"யார்கிட்ட?"

"எங்க சமையல்கார அம்மா, சின்னக்கண்ணுகிட்ட."

"சுடுரசமா?"

"ஆறின ரசத்துல என்னம்மா சோதனை இருக்கு?"

கீரை உருவிய வடிவம்மையின் கை நின்றது.

"கொட்டினாங்களா?"

"முதல்ல மாட்டேன்னா. நான் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்? பாதி வேட்டியில கொட்டுச்சு."

"மீதி?"

"கவனிக்கலை. நான் மாப்பிள்ளை முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். உடனே எழுந்து, கண்ணை எங்க வச்சிருக்கேன்னு அவளைத் திட்டினேன். அதுவும் ஏற்பாடுதான். அவரும் கூடச் சேர்ந்து திட்டுறாரான்னு பார்க்கணுமில்லையா?"

"திட்டினாரா?"

"இல்லை. தண்ணி கேட்டார்."

"வேட்டியைத் துடைக்கவா?"

"அவ கையில ஊத்த."



ஏகாம்பரம் உருவிப் போட்ட கீரையில் காம்புகள் கிடந்தன. வடிவம்மை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்.

"எனக்குப் பரம திருப்தி. இப்படி ஒரு பிள்ளை கிடைக்கணுமேன்னு இருந்துச்சு. கிளம்புறப்ப எல்லாத்தையும் அவர்கிட்டயே சொல்லிட்டேன். சோதனைதான் மாப்பிள்ளை, தேறிட்டீங்கன்னு. சந்தோஷப்படுவார்னு நினைச்சேன்."

"என்ன சொன்னார்?"

"கொட்டப் போறோம்னு அந்த அம்மாவுக்கு முன்னாலயே தெரியுமான்னு கேட்டார். தெரியும்னேன். கும்பிட்டுட்டுப் போயிட்டார். அதோட சரி. ஆள் அனுப்பினா, யோசிச்சுச் சொல்றேங்கிறார். என் பொண்ணுக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சரியாச் சாப்பிடறதில்லை, என்கிட்டப் பேசறதும் இல்லை. எங்கம்மா தப்பாச்சு?"

வடிவம்மை கடைசிக் காம்பையும் எடுத்துப் போட்டார்.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கணும் போல இருக்கு."

"கேளுங்க."

"அவங்க கை இப்ப எப்படி இருக்கு?"

ஏகாம்பரம் யோசித்துப் பார்த்தார். தினமும் அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டது.

"விசாரிச்சுச் சொல்லியனுப்பறேன்."

"நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க. கீரையை நான் பார்த்துக்கறேன்."

வீட்டுக்கு வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே அவர் நுழைந்து பல வருடங்கள் இருக்கும். எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றார்.

சின்னக்கண்ணு இடது கையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். வலது கையில் துணிக்கட்டு. அடுப்புத் திண்டில் ஒரு சின்னக் குப்பி.

"அது என்ன?"

"தீப்புண்ணுக்கு எண்ணெய்ங்க. அந்தத் தம்பி குடுத்தனுப்புனாங்க."

"எந்தத் தம்பி?"

"ரசம் கொட்டுனோமே, அவங்கதான்."

"எப்ப?"

"மறுநாளே வந்துருச்சுங்க. நம்ம பாப்பாதான் தினம் தடவிக் கட்டிவிடுது."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டிய கேள்வியா என்று அவளுக்கு விளங்கவில்லை போலிருந்தது.

"கையைக் காட்டு."

கட்டைப் பிரித்துக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து விரல்வரை தோல் வழன்றிருந்தது. அவர் முகம் மாறியதைக் கண்டதும் சட்டென்று முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"வேலை எதுவும் நிக்கலைங்கய்யா. எல்லாம் நேரத்துக்கு ஆயிருது."

 

அவர் அப்படியே நிற்பதைப் பார்த்துச் சின்னக்கண்ணு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இந்த இடம் அமையலைங்களா?"

அவர் பார்வை அந்த எண்ணெய்க் குப்பிக்குப் போனது.

"அடுத்த மாப்பிள்ளை எப்பங்க வர்றாரு?" என்றாள். "அதுக்குள்ள இது ஆறாதுங்கய்யா. இடது கையால ஊத்தட்டுங்களா?"