நடுகல்லுக்குப் பின்னால் கேட்ட இருமல்

முன்னொரு காலத்தில், செத்துப்போன அப்பாவுக்குப் பயந்து நடுங்குகிற ராஜா ஒருவன் இருந்தான். பெயர் விசயராயன். காட்டில் கிழவருக்கு நடுகல் உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் அங்கே பன்றிக்கறி சுட்டுப் படைப்பது வழக்கம். அந்த வருஷம் காட்டில் கூடாரம் போட்டதிலிருந்து கிழவர் தினமும் கனவில் வந்து இருமினார். "கறியெல்லாம் ஒரே புகைக் கசப்புடா. வாயில் வைக்க முடியலை. பசிக்குது" என்றார்.

விடிந்ததும் ராஜா விகடகவி சொக்கப்பனை அழைத்தான். அழைக்கச் சொல்லித் தூண்டியவன் தளவாய் உக்கிரப்பன். விகடகவியைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

"விகடகவியே, அந்திக்குள் கறி சுட்டாக வேண்டும். நெருப்பில் வெந்த மணம் வேண்டும். ஆனால் தந்தையின் கல்லருகே துளிப் புகையும் தெரியலாகாது. தெரிந்தால் உமது தலை உமதல்ல."

"உத்தரவு, அரசே."

விறகு கொடுப்பது தளவாயின் பொறுப்பு. மகா புண்ணியவான், அன்றைக்கு வெட்டிய பச்சை மரமாகப் பார்த்து அனுப்பினான். சொக்கப்பன் சருகு போட்டு அந்த விறகைத் தளவாயின் கூடார வாசலிலேயே மூட்டினான்.

"இங்கே ஏனய்யா மூட்டுகிறீர்?"

"கல்லருகேதான் புகை கூடாதென்றார் மன்னர். தங்கள் வாசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. தாங்கள் தந்தது காய்ந்த விறகுதானே, தளவாயாரே?"

பச்சை விறகு என்று அவன் எந்த வாயால் சொல்வான்? பகலெல்லாம் இருமிக்கொண்டே கிடந்தான்.

அந்தியில் புகை முழுக்க அடங்கி, செக்கச்செவேலென்று தணல் மட்டும் மிஞ்சியது. அதை இரும்புச் சட்டிகளில் அள்ளிக் கல்லருகே பரப்பிக் கறியைச் சுட்டார்கள். கொழுப்பு தணலில் சொட்டச் சொட்ட மணம் காட்டையே தூக்கியது. கண்ணுக்குப் புகை தெரியவில்லை. பறவைகளின் சத்தம் மட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

கறியை இலையில் எடுத்து வைக்கும்போது கல்லுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. ராஜாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அஞ்ச வேண்டாம், அரசே" என்றான் சொக்கப்பன். "இங்கே வரவேண்டிய புகையெல்லாம் தளவாயார் வாசலுக்குப் போய்விட்டது. இருமுகிறவர் அவர்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தான்.

"அரசே," என்று ராஜாவின் முதுகுப் பக்கமிருந்து தளவாயின் குரல் வந்தது. "நான் இங்கேயல்லவா நிற்கிறேன்."

சிரிப்பு நின்றுபோயிற்று. சொக்கப்பன் இலையைக் கல்லுக்குப் பின்னால் தள்ளினான். இருமல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மெல்லுகிற சத்தம் கேட்டது, நிதானமாக, பல் போன வாய் மெல்லுகிற மாதிரி.

"சாப்பிடுகிறார்" என்றான் ராஜா. கண்ணில் நீர் வழிய, சின்னப் பிள்ளைபோல வாய்விட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கப்பனுக்குப் போட்டான். பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் கூடாரம் போய்ச் சேர்ந்தார்கள்.