மூன்று இலைக்குள் ஒரு கோள்

வேலங்காட்டுக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் முதல் வாய்த் தண்ணீரை ஆட்காட்டிக் குருவிதான் குடிக்கும். பாம்போ வேடனோ வந்தால் கத்தி எல்லோரையும் எழுப்புகிற காவல் வேலை அதனுடையது. அது குடித்து முடிக்கும்வரை மானும் மயிலும்கூடக் கரையில் காத்து நிற்கும்.

இதைப் பார்த்துப் பார்த்து ஒரு மைனாவுக்கு வயிறு எரிந்தது.

"குச்சிக் காலும் கீச்சுக் குரலும்! இதற்கு இத்தனை மரியாதையா? எனக்கு என்ன குறைச்சல்?" என்று பொருமியது. தன் மூன்று குஞ்சுகளுக்குப் புழு ஊட்டும்போதுகூட அதன் கண் ஆட்காட்டி மேலேயே இருந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் மைனா கெட்டிக்காரி. தன் கூடு எங்கே என்று ஒருவரிடமும் அது மூச்சு விட்டதில்லை.

அந்தக் கரையில் எலிகள் பெயர் சொல்லாத சேதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தன. சேதி எழுதிய இலையை இன்னும் மூன்று இலைகளில் சுற்றித் தர வேண்டும். முதல் எலி ஒரு சுற்றைப் பிரித்து, வளைக்குள்ளேயே இரண்டாம் எலியிடம் தரும். அது ஒரு சுற்றைப் பிரித்து மூன்றாம் எலியிடம் தரும். கடைசி எலிக்குச் சேதி யாருக்கு என்று தெரியும், யார் அனுப்பியது என்று தெரியாது. நரிக்குப் பயந்த முயல்கள் அப்படித்தான் புகார் சொல்லிப் பிழைத்தன.

மைனா முதல் எலியிடம் போனது. "நான்தான் அனுப்பினேன் என்று யாருக்கும் தெரியாதல்லவா?"

"வந்த வழி தெரியாது, அக்கா. ஆனால் உள்ளே எழுதுவதை..."

"போதும், போதும். வழி தெரியாவிட்டால் சரி," என்று சொல்லிவிட்டு மைனா அலகால் இலையில் கீற உட்கார்ந்தது. எலி சொல்ல வந்ததைக் கேட்க அதற்கு எங்கே பொறுமை?

"தலைவர் கூழைக்கடா ஐயாவுக்கு. நம் காவல்காரர் நேற்று உச்சி வெயிலில் கண்ணை மூடித் தூங்கினார்." எழுதிவிட்டு யோசித்தது. வெறுமனே சொன்னால் நம்புவார்களா? கண்ணால் பார்த்த சாட்சி வேண்டுமே. "மொட்டைப் பனையின் பொந்திலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. இப்படிக்கு, குளத்தின் நலம் விரும்பி," என்று முடித்தது.

சேதி வளைக்குள் போனது. மூன்றாம் எலி கடைசிச் சுற்றையும் பிரித்து, சேதி இலையோடு மட்டும் வெளியே வந்தது. வாசலிலேயே ஒரு சாரைப்பாம்பு அதை வளைத்துக்கொண்டது.

"என்னை விட்டுவிடுங்கள்! வேண்டுமானால் இந்தச் சேதியைப் படித்துக்கொள்ளுங்கள்," என்று எலி நடுங்கியது.

சாரை படித்தது. "பனைப் பொந்தில் இருந்து பார்க்கிறதா? அப்படியானால் பறவை. இந்த மாதத்தில் பறவை பொந்தில் இருந்தால் குஞ்சும் இருக்கும்." எலியை விட்டுவிட்டது. உயிர் தப்பிய எலி இலையைக் கூழைக்கடாவிடம் போட்டுவிட்டு ஓடியது.

மறுநாள் காலை எல்லோர் முன்னும் கூழைக்கடா அதைப் படித்தது. ஆட்காட்டி தலை குனிந்தது. "உண்மைதான், ஐயா. முட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கண் அசந்துவிட்டது."

"காவலுக்கு அது ஆகாதே," என்று கூழைக்கடா வருத்தத்தோடு சொன்னது. "வேறு யார் பார்க்கிறீர்கள்?"

"நான் பார்க்கிறேன், ஐயா," என்று மைனா முன்னால் வந்தது. மனசுக்குள் அதற்கு ஒரே குதூகலம். முதல் வாய்த் தண்ணீருக்கு அலகைத் தாழ்த்தியது.

"பாம்பு! மொட்டைப் பனையில் பாம்பு!" என்று ஆட்காட்டி கத்தியது.

"ஐயோ, என் குஞ்சுகள்!" என்று மைனா அலறிவிட்டது.

அது இறக்கை விரிப்பதற்குள் ஆட்காட்டி பறந்துவிட்டது. பின்னாலேயே கரிச்சான்களும் காகங்களும் போயின. எல்லாம் சேர்ந்து கொத்திய கொத்தில் சாரை பிடி நழுவிக் கீழே விழுந்து புதருக்குள் ஓடியது. மூன்று குஞ்சுகளும் பிழைத்தன.

எல்லோரும் கரைக்குத் திரும்பியதும் கூழைக்கடா இலையை மறுபடி எடுத்து மெதுவாகப் படித்தது. "மொட்டைப் பனையின் பொந்திலிருந்து பார்த்தால்..." மேலே படிக்கவில்லை. எல்லாக் கண்ணும் மைனா மேல் திரும்பியது.

மைனா முதல் எலியைப் பார்த்தது. "யாருக்கும் தெரியாது என்றாயே?"

"வழி தெரியாது என்றேன், அக்கா. உள்ளே உன் வீட்டு விலாசத்தை எழுதியது நீதானே? பாம்பும் அதைப் படித்துவிட்டுத்தான் போனதாம், மூன்றாம் எலி சொன்னது."

ஆட்காட்டியின் இறக்கையில் பாம்பின் பல் பட்டு ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மைனா தண்ணீரை விட்டு விலகி அதற்கு வழி விட்டது.

மறைவான வழியில் அனுப்புகிறோம் என்ற தைரியத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னால், சொன்ன சொல்லே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.