லக்ருவா வகையறாவுக்குப் பத்திரிகை வைத்த கதை

கொத்தங்குடிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன். இருக்கிறது, விசேஷ நாளில்தான் வெளியே எடுப்பார்கள்.

அந்த ஊர் மரியநாதனுக்குப் புதுச்சேரியில் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா முசியே லக்ருவா; முசியே என்றால் அந்த ஊரில் ஐயா. அசல் தமிழர்தான், பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாட்டனார் வாங்கிக்கொண்ட பேர் அது. மனுஷருக்கு மூக்குமேல் கோபம்.

"லக்ருவாங்கிற பேர் உள்ள ஒருத்தர் விடாம பத்திரிகை வைக்கணும். ஒருத்தர் விட்டாலும் பொண்ணு கிடையாது" என்றுவிட்டார்.

மாப்பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. பாவம், பெண்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். அவனுடைய தாய்மாமன்கள் சவரிராயன், தொம்மை, சூசை மூவரும் தாம்பாளத்தோடு பஸ் ஏறினார்கள்.

"லக்ருவா எங்க இருக்கார்?" என்று புதுச்சேரியில் ஓர் ஆட்டோக்காரரைக் கேட்டார்கள்.

"எந்த லக்ருவா? லக்ருவா வீதி இருக்கு, லக்ருவா பாலம் இருக்கு, கடற்கரையில லக்ருவா சிலை இருக்கு."

"பெரிய குடும்பம்டா!" என்றான் சூசை.

வீதியின் நட்டநடுவில் பத்திரிகை வைத்தார்கள். ஓரமாக வைத்தால் வீதி வருத்தப்படுமே! ஒரு லாரி அதன்மேல் ஏறிப் போயிற்று.

பாலத்தில் தொம்மைக்குச் சந்தேகம். "இது கல்யாணத்துக்கு வந்துட்டா, ஜனங்க ஆத்தை எப்படித் தாண்டும்?"

"கூப்பிடுறது நம்ம கடமை. வர்றது அதோட இஷ்டம்" என்று சவரிராயன் கைப்பிடிச் சுவருக்குச் சந்தனம் பூசினான்.

சிலைதான் காலை வாரியது. தொப்பி வைத்த பெரியவர் ஒரு கையை உயர்த்தி நின்றார். "வேணாங்கிறாரே!" என்று மூவரும் காலில் விழுந்தார்கள். சூசை அழுதே விட்டான். பெரியவர் மசியவில்லை.

கல்யாணத்தன்று புதுச்சேரி மாதா கோயில் வாசலில் முசியே வழிமறித்தார். "எல்லாரையும் அழைச்சாச்சா?"

"வீதி, பாலம் எல்லாம் ஆச்சுங்க. கடற்கரைப் பெரியவர்தான் பிகு பண்றார்" என்று நடுங்கினான் சவரிராயன்.

முசியேவின் முகம் சிவந்தது. கல்யாணம் போச்சு என்று மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான்.

"அவரையுமா அழைச்சீங்க? எங்கப்பா காலத்திலேர்ந்து அவரோட எங்களுக்குப் பேச்சே கிடையாது! அவர் உள்ள வந்தா, பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்!"

தொம்மை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினான். தாலி கட்டி முடிந்து, பந்தியில் பிரியாணி பாதி தீர்ந்த பிறகுதான் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினான்.

"எதிர்லேயே நின்னேன் முசியே. ஒரு அடி நகர விடலை!"

முசியே அவனைக் கட்டிக்கொண்டார். சட்டென்று பிடியை விட்டார். "நீ இங்க வந்துட்டியே, இப்ப அவர் கிளம்பிட்டா?"

"அவ்வளவு முட்டாளா நான்?" என்று தொம்மை இலையில் உட்கார்ந்தான். "ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டிப்போட்டுட்டில்ல வந்திருக்கேன்."