பொன்னுரங்கம் செய்த மில்க்‌ஷேக்

மெய்யம்மையிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் மூத்தவர் பொன்னுரங்கம். அவருக்கு அறுபத்தாறு வயது, மெய்யம்மைக்கு நாற்பத்தொன்று. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த மெய்யம்மை, வேலையை விட்டுவிட்டுத் திருச்சியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். காலை ஆறு மணிக்குத் தியானத்துக்குப் பாய் விரிப்பார். வருகிறவர்கள் வந்து உட்கார்வார்கள். கேள்வி இருந்தால் கேட்பார்கள். பதில் சில நாள் வரும், சில நாள் வராது.

பொன்னுரங்கம் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அறிக்கை எழுதிய கை. எதற்கும் காரணம் கேட்பார். யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும்கூட, காரணம் சொல்வார்.

அந்த வியாழக்கிழமை மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார்.

“அம்மா, இதை ஒரு தடவை படிச்சுப் பார்க்கணும்.”

“என்ன இது?”

“என் மகள்கிட்ட சொல்ல வேண்டியது. நாலு பக்கம். ஞாயிற்றுக்கிழமை வர்றா.”

மெய்யம்மை தாள்களை வாங்கவில்லை. “நித்திலாவா?”

“ஆமாம்மா. அஞ்சு வருஷம் கழிச்சு.”

ஐந்து வருடத்துக்கு முன்னால் பொன்னுரங்கத்தின் மனைவி வேதவல்லி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது நித்திலாவுக்குப் புனேயில் கடைசித் தேர்வு. போனில் கேட்டபோதெல்லாம் “அம்மா தூங்குறா” என்றே பொன்னுரங்கம் சொன்னார். படிப்பு கெட்டுவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. தேர்வு முடிந்து நித்திலா வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அன்று இரவே திரும்பிப் போனவள், அதற்குப் பிறகு வரவில்லை.

இப்போது அலுவலக வேலையாகத் திருச்சிக்கு வருகிறாள். ‘ஞாயிறு மூணு மணிக்கு வரேன். ரெண்டு மணி நேரம் இருப்பேன். சாப்பாடு வேண்டாம்’ என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

“பொண்ணுக்கு என்ன கொடுக்கப் போறீங்க?” என்று மெய்யம்மை கேட்டார்.

“அதான் சாப்பாடு வேண்டாம்னு எழுதியிருக்காளே.”

“குடிக்க?”

பொன்னுரங்கம் யோசித்தார். மகளுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. “காலேஜ் போகும்போது சாக்லேட் மில்க்‌ஷேக் குடிப்பா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு கடை இருந்துச்சு. வாங்கி வச்சுடவா?”

“வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணியாயிடும். நீங்களே செய்யலாம். கீழ போய் வெனிலா ஐஸ்கிரீம் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க ஐயா.”

நாலு பக்கத்தைப் பற்றிக் கேட்டால் ஐஸ்கிரீம் வாங்கச் சொல்கிறாரே என்று பொன்னுரங்கத்துக்குத் தோன்றியது. ஆனால் இரண்டு வருடப் பழக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

திரும்பி வந்தபோது அடுப்படியில் மெய்யம்மை கோகோ தூளையும் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, கொஞ்சமாக வெந்நீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார்.

“குளிர்ச்சியா குடிக்கிறதுக்கு எதுக்கும்மா வெந்நீர்?”

“குளிர்ந்த பால்ல போட்டா கோகோ கரையாது. திட்டுத்திட்டா மேல மிதக்கும்.”

காரணம் கிடைத்ததில் பொன்னுரங்கத்துக்குத் திருப்தி. மிக்ஸி ஜார் ஃப்ரீசரிலிருந்து வந்தது. அதில் நாலு பெரிய கரண்டி ஐஸ்கிரீம், ஆறவைத்த சாக்லேட் விழுது, அரை டம்ளர் குளிர்ந்த பால்.

“அரை டம்ளர்தானா?”

“அவ்வளவுதான். நீங்க ஓட்டுங்க.”

பொன்னுரங்கம் குமிழைத் திருப்பினார். மிக்ஸி அலறியது. நாலு பக்கத்தில் இருப்பதைச் சொல்ல இதுதான் சமயம் என்று அவர் குரலை உயர்த்தினார். “டாக்டர் முதல்ல பயமில்லைன்னுதான் சொன்னார்! அப்புறம் ஒன்பதாவது நாள்தான்…”

“என்ன சொல்றீங்க?”

“ஒன்பதாவது நாள்! அன்னிக்கு அவளுக்கு மூணாவது பேப்பர்!”

“கேட்கலை ஐயா. மிக்ஸி ஓடுது.”

அவர் இன்னும் உரக்கச் சொன்னார். மூன்றாவது பேப்பர், நாலாவது பேப்பர், டிக்கெட் கிடைக்காதது, வேதவல்லியின் அண்ணன் சொன்ன யோசனை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மிக்ஸியை நிறுத்தினார். மெய்யம்மை ஜாரைச் சாய்த்தார். பழுப்பு நிறத்தில் தண்ணீர் போல ஓடி வந்தது.

“குடிச்சுப் பாருங்க.”

குடித்தார். “நல்லாக் கலந்திருக்கு.”

“மில்க்‌ஷேக்கா?”

பொன்னுரங்கம் டம்ளருக்குள் பார்த்தார். “சாக்லேட் பால்.”

மெய்யம்மை ஜாரைக் கழுவி மறுபடி ஃப்ரீசரில் வைத்தார். இருவரும் கால் மணி நேரம் சும்மா நின்றார்கள். பிறகு அதே அளவில் எல்லாம் ஜாருக்குள் போயின.

“எப்ப நிறுத்தணும்?” என்று பொன்னுரங்கம் கேட்டார். “எத்தனை விநாடி?”

“சத்தம் மாறும்.”

“எப்படி மாறும்?”

“ஓட்டுங்க.”

இந்த முறை அவர் பேசவில்லை. முதலில் கடகடவென்று சத்தம். பிறகு பிளேடு எதிலோ சிக்கித் திணறுகிற மாதிரி ஒரு முனகல். திடீரென்று அந்த முனகல் இளகியது. அவர் கை தானாகக் குமிழைத் திருப்பிவிட்டது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“அம்மா, கட்டி இருக்கே!”

“இருக்கட்டும்.”

“இன்னும் ஒரு சுற்று விட்டா சரியாயிடும்.”

“ஸ்பூன் எதுக்கு இருக்கு?”

அந்த நாலு பக்கத்தை மெய்யம்மை வாங்கிப் படிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சரியாக மூன்று மணிக்கு நித்திலா வந்தாள். நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொன்னுரங்கம் அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவளும் எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

“நீங்களா பண்றீங்க?”

“ஆமா. பழகிட்டேன்.”

குமிழைத் திருப்பினார். நித்திலா அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒன்பதாவது நாள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பேசினால் சத்தம் மாறுவது காதில் விழாது. வாயை மூடிக்கொண்டு கேட்டார். முனகல் இளகிய இடத்தில் நிறுத்தினார்.

நீளமான எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஸ்பூன் போட்டுக் கொடுத்தார். நித்திலா ஒரு வாய் குடித்தாள். ஒரு கட்டியை ஸ்பூனால் எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாள். டம்ளர் பாதியானது.

பிறகு அவள் கேட்டாள். “அம்மா என்னைக் கேட்டாங்களாப்பா?”

அந்தக் கேள்விக்கு நாலு பக்கத்தில் பதில் இல்லை. பொன்னுரங்கத்தின் கை சட்டைப் பைக்குப் போய், வெறுமனே அங்கேயே நின்றது.

“கேட்டா.”

“எத்தனை தடவை?”

“தினமும்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நாளைக்கு வர்றான்னு சொன்னேன்.”

“தினமுமா?”

“பதினோரு நாளும்.”

நித்திலா டம்ளரை மேடையில் வைத்தாள். ‘ஆனா’ என்ற சொல் பொன்னுரங்கத்தின் நாக்கில் நின்றது. அதை விழுங்கினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவர் பக்கத்தில் போகவில்லை. எங்கும் போகவும் இல்லை.

மூன்றே முக்காலுக்கு அவள் முகம் கழுவினாள். பாதி மிச்சமிருந்த டம்ளரை எடுத்து, ஃப்ரீசரைத் திறந்து உள்ளே வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலை மற்றவர்கள் போகும்வரை பொன்னுரங்கத்துக்குப் பொறுக்கவில்லை. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார்.

“தோத்துட்டேன்மா. ரெண்டு மணி நேரம்னு சொன்னவ, முக்கால் மணி நேரத்துல போயிட்டா. நான் எழுதினதுல ஒரு வரிகூடச் சொல்லலை. அதையாவது சொல்லியிருந்தா புரிஞ்சுக்கிட்டிருப்பாளோ என்னவோ.”

“அவ கேட்டதுக்குப் பதில் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

மெய்யம்மை தலையசைத்தார்.

“ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலைம்மா. பிடிக்கலைன்னா தொட்டியில கொட்டியிருக்கலாம். மேடையிலேயே விட்டுட்டுப் போயிருக்கலாம். ஃப்ரீசர்ல எதுக்கு வைக்கணும்? நானும் நேத்துலேர்ந்து ஏழெட்டுத் தடவை திறந்து திறந்து பார்த்துட்டேன். என்னம்மா அர்த்தம்?”

மெய்யம்மை பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அடிக்கடி திறக்காதீங்க ஐயா. உருகிடும்.”